தோற்றால் ஓர்மம் இல்லையா?

“உவங்களிட்டை ஓர்மம் இல்லை, தம்பி. காசு கூடிப்போச்சு.” கனடாவின் ஆண்கள் உதைபந்தாட்ட அணி தோற்ற மறுநாள் ஒஷாவாவில் எந்த ரிம் ஹோர்ட்டன்ஸுக்குள் நுழைந்தாலும் இந்தத் தீர்ப்பு காதில் விழும். பக்கத்து மேசையில் ஆங்கிலத்தில் பேசுகிறவர்களும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இலங்கை தோற்றாலும் இதே தீர்ப்பு. இத்தாலி தோற்றால் ரோமிலும் இதே தீர்ப்பு. தேசிய அணிகள் மனமில்லாமல்தான் தோற்கின்றன என்பதில் உலகத்துக்கே ஒற்றுமை. நான் அதை மறுக்கிறேன். அணிகள் தோற்பது ஆற்றல் போதாமையால். ஆற்றல் போதாமல் போனதற்குப் பதில் சொல்லவேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதவியும் நாற்காலியும் உண்டு. நாங்கள் ஓர்மத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்வரை அவர்களுக்கு நிம்மதி.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழுப் பலத்தோடு வைத்துவிடுகிறேன். கழகத்துக்காக வாரம் தவறாமல் உயிரைக் கொடுத்து ஆடுகிறவன் நாட்டுச் சட்டையைப் போட்டதும் காலைப் பின்னுக்கு இழுக்கிறான். அடிபட்டால் கழகச் சம்பளம் என்னாவது? 2022 ஜூன் 5 அன்று வன்கூவரில் பனாமாவுடன் மோதவேண்டிய கனடா வீரர்கள் பணத்தகராறில் மைதானத்துக்கு வரவே மறுத்தார்கள். இங்கே வளரும் பிள்ளைகளுக்குப் பசி தெரியாது; 12 வயதுவரை கோல்களை எண்ணாதே, புள்ளி அட்டவணை போடாதே என்று வளர்த்தால் வெல்லும் வெறி எங்கிருந்து வரும்? மறுபுறம், 2018இல் பொறுப்பேற்ற ஜோன் ஹேர்ட்மன் அந்த அணியைச் சகோதரர்களாக்கினார். வீரர்கள் தங்களோடு கொண்டுதிரிய ஒரு வாளைக்கூடச் செய்வித்தார். நான்கு வருடத்தில் உலகக் கிண்ணம். மனம் மாறியது, முடிவு மாறியது. இதுதான் வாதம். இதில் வரும் சம்பவங்கள் நடந்தவைதான். அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு பிழை.

1. முடிவைப் பார்த்துவிட்டு எழுதுவது எப்படித் தீர்ப்பாகும்? 2021 நவம்பர் 16 இரவு, எட்மன்ரன் கொமன்வெல்த் அரங்கில் உறைநிலைக்குக் கீழே குளிர். சைல் லாரின் இரண்டு கோல் போட, கனடா மெக்ஸிக்கோவை 2–1 என வென்றது. சாம் அடெகுக்பே ஓடிப்போய் ஓரத்தில் குவித்திருந்த பனிக்குவியலுக்குள் பாய்ந்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ‘இதுதான் ஓர்மம்’ என்றார்கள். ஒரு வருடம் கழித்துக் கத்தாரில் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. அதே பயிற்றுநர், ஏறத்தாழ அதே வீரர்கள். அந்த ஓர்மம் எந்த விமான நிலையத்தில் தவறிப்போனது? மாறியது ஒன்றே ஒன்று: எதிரே நின்றவர்கள் பெல்ஜியம், குரோஷியா, மொரோக்கோ.

வென்றால் ஓர்மம் இருந்தது, தோற்றால் இல்லை என்றால், ஓர்மம் என்பது புள்ளிப்பலகைக்கு இன்னொரு பெயர். ஆட்டம் தொடங்கமுன் யாராவது ஓர்மத்தை அளந்து, “இன்று குறைவாக இருக்கிறது, தோற்பார்கள்” என்று சொல்லட்டும், பிறகு பேசலாம். தகுதிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில் கனடா ஆடியது 14 ஆட்டங்கள், விட்ட கோல்கள் 7. பனிக்குள் பாய்வதால் வரும் எண்ணிக்கை அல்ல அது. ஐந்து பேர் ஒரே கோட்டில் ஏறி, ஒரே கோட்டில் இறங்கப் பழகியதால் வந்தது.

2. ஓர்மம் மிஞ்சித் தோற்ற ஆட்டங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 2022 நவம்பர் 23, பெல்ஜியத்துடன். 36 வருடங்களுக்குப் பிறகு கனடா ஆண்கள் அணி ஆடும் முதல் உலகக் கிண்ண ஆட்டம். தொடக்க விசிலிலிருந்து பாய்ந்து பாய்ந்து அடித்தார்கள். 11ஆவது நிமிடத்தில் பெனால்டி. அல்போன்சோ டேவிஸ் உதைத்தார், பெல்ஜியத்தின் கோல்காப்பாளர் குர்ட்வா தடுத்தார். கோலை நோக்கி இருபதுக்கு மேற்பட்ட உதைகள். வலைக்குள் ஒன்றும் போகவில்லை. 44ஆவது நிமிடத்தில் பெல்ஜியத்தின் பின்களத்திலிருந்து அல்டர்வெய்ரெல்ட் ஒரு நீளப் பந்தைத் தூக்கிப்போட்டார். அது கனடாவின் பின்களத் தலைகளைத் தாண்டி விழுந்த இடத்தில் பட்சுவாயி நின்றார். ஒரே உதை. 1–0. அன்று களைத்துப்போய் நின்றது பெல்ஜியம், ஓடியது கனடா. வென்றது பெல்ஜியம். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மனமில்லை என்று சொன்னவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மறுநாள் பத்திரிகையைப் பார்த்தார்.

அன்றிரவே ஹேர்ட்மன் வீரர்களை வட்டமாக நிறுத்தி, அடுத்து வரும் குரோஷியாவைப் பற்றி அச்சில் ஏற்றமுடியாத ஒரு சொல்லைச் சொன்னார். அதைத் தொலைக்காட்சியிலும் ஒப்புக்கொண்டார். ஓர்மக் கட்சிக்கு அதைவிட நல்ல மருந்து கிடைக்குமா? நான்கு நாள் கழித்து 68ஆவது விநாடியில் டேவிஸ் தலையால் முட்டி கோல் போட்டார். மருந்து வேலை செய்ததுபோலத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நடுக்களத்தைப் பாருங்கள். கனடாவுக்கு அங்கே இரண்டு பேர், அதில் ஒருவர் 39 வயது அட்டிபா ஹட்சின்சன். எதிரே மோட்ரிச், புரோசோவிச், கோவாசிச் என்று மூன்று பேர். இரண்டு பேர் மூன்று பேரைத் துரத்தினால் ஒருவன் எப்போதும் தனியே நிற்பான். இதைக் கணக்கென்றுதான் சொல்லவேண்டும். 4–1. மோட்ரிச்சுக்கு அப்போது 37 வயது. அவர் ஓடித் தோற்கடிக்கவில்லை, நின்று தோற்கடித்தார்.

பிறேசிலை விட்டுவிடலாமா? 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்ரே. காயப்பட்ட நெய்மாரின் சட்டையை டேவிட் லூயிசும் ஜூலியோ செசாரும் கையில் ஏந்திக்கொண்டு தேசியகீதம் பாடினார்கள். அரங்கமே அழுதது. 29 நிமிடத்துக்குள் ஜேர்மனி ஐந்து கோல். முடிவில் 7–1. உணர்ச்சி ததும்பத் ததும்பப் பின்களத்தை விட்டு முன்னே ஓடிய லூயிசுக்குப் பின்னால் ஒரு காணி அளவு வெளி கிடந்தது. அந்தப் பின்களத்தை வழக்கமாகக் கட்டிக்காக்கும் தியாகோ சில்வா மஞ்சள் அட்டையால் அன்று ஆடமுடியவில்லை. பிறேசிலுக்கு அன்று குறைந்தது நாட்டுப்பற்றா, சில்வாவா?

3. தேசியகீதத்தை வாயசைத்துப் பாடுவது அளவுகோலா? அப்படியானால் ஸ்பெயினை என்ன செய்வது? அவர்களுடைய கீதத்துக்குச் சொற்களே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றே 2010இல் உலகக் கிண்ணத்தையும், 2008, 2012, 2024இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றார்கள். தொண்டை கிழியப் பாடும் இத்தாலி 2017 நவம்பரில் மிலானில் சுவீடனுக்கு ஒரு கோல்கூடப் போடமுடியாமல் 2018 உலகக் கிண்ணத்தைத் தவறவிட்டது. கண்ணீரோடு வெளியேறினார் கோல்காப்பாளர் புஃபோன். 2022ஐயும் தவறவிட்டது, அந்த முறை வட மசிடோனியாவிடம்.

4. ஓர்மத்தைப் பற்றி எங்களுக்கே பாடமா? பீஃபா அங்கீகரிக்காத நாடுகளும் சமூகங்களும் ஆடும் போட்டிகளில் தமிழீழ அணி இறங்கியிருக்கிறது: 2012இல் குர்திஸ்தான், 2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்ட், 2018இல் லண்டன். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள். அந்தச் சட்டையைப் போட்டவனுக்கு அதன் பொருள் என்னவென்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அவனுடைய வீட்டிலேயே அதற்கான கதைகள் இருக்கும். மூன்று முறையில் ஒருமுறைகூட அந்த அணி அரையிறுதியை எட்டவில்லை. இந்த அணியின் முன்னால் போய் நின்று, “தம்பியவை, உங்களிட்டை ஓர்மம் காணாது” என்று சொல்லும் துணிவு அந்த மேசையில் இருக்கும் அண்ணைமாரில் யாருக்கு உண்டு? ஒருவருக்கும் இராது. அங்கே மட்டும் எல்லோருக்கும் சரியான காரணம் சட்டென்று விளங்கிவிடும்: பிள்ளைகள் சேர்ந்து பயிற்சி எடுக்கவில்லை, வெவ்வேறு நாட்டில் இருந்தவர்கள், வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள், பின்னால் ஒரு லீக் இல்லை. அந்த நியாயத்தைக் கனடா அணிக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஊரையும் எடுத்துக்கொள்வோம். குருநகர் பாடும்மீனும் நாவாந்துறை சென். மேரிசும் மோதும் நாளில் வேலியில் ஏறி நின்று பார்த்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். இளவாலையில் உதைபந்து ஆடாத பெடியனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அத்தனை வெறி இருக்கும் தீவின் தேசிய அணி பீஃபா தரவரிசையில் 200க்கு அந்தப் பக்கம் கிடந்திருக்கிறது. 2023 ஜனவரியில், வெளியார் தலையீடு என்று சொல்லி இலங்கைச் சம்மேளனத்தையே பீஃபா இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. நாவாந்துறைப் பெடியனின் ஓர்மம் கொழும்பில் ஒரு அலுவலக மேசையில் செத்துப்போகிறது. பழியை மட்டும் அவன் தலையில் கட்டுகிறோம்.

5. பசித்தவன்தான் வெல்வானா? பசித்த நாடுகள் எத்தனையோ உலகக் கிண்ண வாசலைக்கூட மிதித்ததில்லை. வயிறு நிறைந்த ஐஸ்லாந்து 2016இல் நீஸ் நகரில் இங்கிலாந்தை 2–1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதிக்குப் போனது. அந்த நாட்டின் சனத்தொகை அப்போது மூன்றே கால் இலட்சத்துக்குச் சற்று மேல். இங்கே டர்ஹம் பிராந்தியத்தில் இருக்கும் சனத்தில் பாதிதான். அவர்களுக்கும் நீண்ட பனிக்காலம் உண்டு. 2000த்துக்குப் பிறகு அவர்கள் ஊர் ஊராகக் கூரைபோட்ட முழு மைதானங்களைக் கட்டினார்கள். ஐரோப்பிய ‘பி’ தர உரிமம் பெற்ற பயிற்றுநர்கள் 600 பேருக்கு மேல் உருவாக்கினார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூடச் சம்பளம் வாங்கும், படித்த பயிற்றுநர். தன்னார்வமாக வரும் அப்பா இல்லை.

கோல் எண்ணாமல் வளர்ப்பதுதான் கெடுக்கிறது என்கிறவர்களுக்கு நோர்வேயைக் காட்டுகிறேன். அங்கே 11 வயதுவரை சிறுவர் விளையாட்டில் புள்ளி அட்டவணை கிடையாது. நாட்டின் விளையாட்டு அமைப்பே வகுத்த விதி அது. அப்படி வளர்ந்தவர்தான் ஹாலண்ட், அப்படி வளர்ந்தவர்தான் ஓடெகார்ட். 2025 நவம்பரில் அதே மிலான் அரங்கில், அதே தொண்டை கிழியப் பாடும் இத்தாலியை 4–1 என்று அடித்து நோர்வே 2026 உலகக் கிண்ணத்துக்குப் போனது. ஜேர்மனியும் தன் சிறுவர் ஆட்டங்களில் அட்டவணைகளை எடுத்துவிட்டது. எண்ணாததால் யாரும் கெட்டுப்போகவில்லை. மைதான ஓரத்தில் நின்று எண்ணுகிற அப்பாமாரால் கெட்ட பிள்ளைகளை வேண்டுமானால் காட்டமுடியும்.

6. சம்பளம் கேட்டால் பற்றில்லையா? வன்கூவர் வேலைநிறுத்தத்தைத்தான் எல்லோரும் பெரிய சாட்சியாகத் தூக்கிப்பிடிக்கிறார்கள். வீரர்கள் கேட்டவற்றில் உலகக் கிண்ணப் பரிசுத்தொகையில் பங்கு ஒன்று. மற்றது, தங்கள் ஆட்டங்களின் ஒளிபரப்பு, விளம்பர உரிமையைச் சம்மேளனம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்த கணக்கு. ஆண்களை விடுங்கள். 2023 பெப்ரவரியில் கனடாவின் பெண்கள் அணியும் வேலைநிறுத்தம் அறிவித்தது. சம்மேளனம் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியதால் ஆடினார்கள். இவர்கள் யார்? 2021 ஓகஸ்டில் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். அந்த அணியின் கிறிஸ்டின் சின்கிளேயருக்கு ஓர்மம் இல்லை என்று எந்தக் கனடியனாவது சொல்வானா? வேலைநிறுத்தம் பற்றின்மைக்குச் சாட்சி என்றால் தங்கம் வென்றவர்களும் பற்றில்லாதவர்கள். அது பொருந்தாதென்றால் ஆண்களுக்கும் பொருந்தாது.

ஒரு இடத்தில் எதிர்த்தரப்புக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், ட்ரோன் விட்டு நியூஸிலாந்தின் பயிற்சியை உளவு பார்த்த குற்றத்துக்காகக் கனடாப் பெண்கள் அணியிடமிருந்து ஆறு புள்ளிகளைப் பறித்தார்கள். அந்தப் பெண்கள் மூன்று ஆட்டங்களையும் வென்று காலிறுதிக்குப் போனார்கள். அங்கே ஓர்மம் இருந்தது. அது அவர்களைத் தூக்கியது. ஆனால் தூக்குவதற்கு ஏற்கெனவே உலகத்தரமான அணி ஒன்று இருந்தது. சமமான இரண்டு அணிகள் மோதும்போது மனவலிமை ஒரு கோல் பெறும். ஐந்து கோல் வித்தியாசத்தை அது அடைக்காது. (அந்த ட்ரோனை அனுப்பியவர்கள், ஆட்டங்களை வெல்வது ஓர்மம் என்று நம்பியிருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.)

அப்படியானால் கனடா ஆண்கள் ஏன் அவ்வளவு காலம் தோற்றார்கள்? 2012 அக்டோபர் 16, ஹொண்டூராசின் சான் பெத்ரோ சூலாவில் சமநிலை எடுத்தாலே அடுத்த சுற்று என்ற நிலையில் 8–1 என்று தோற்றார்கள். 2014இல் உலகத் தரவரிசையில் 122ஆம் இடம். மனம் விட்டார்கள் என்று அன்றும் எழுதினார்கள். நடந்தது இது: 1992இல் கனடியன் சொக்கர் லீக் மூடப்பட்டது. கடல் முதல் கடல்வரை நீளும் இந்த நாட்டுக்கு அதன்பின் தனக்கென ஒரு தேசியத் தொழில்முறை லீக் கிடைத்தது 2019 ஏப்ரல் 27 அன்றுதான். இடையில் ஒரு தலைமுறையே கழிந்துவிட்டது. எம்.எல்.எஸ். லீக்கில் அமெரிக்கக் கழகங்கள் கனடியனை வெளிநாட்டு வீரனாகவே கணக்கெடுத்தன. கனடாவிலுள்ள கழகங்களிலோ அமெரிக்கன் உள்நாட்டு வீரன். 2017இல்தான் அந்த விதி சற்றுத் தளர்ந்தது. இருபது வயதில் ஆட இடமில்லாதவன் இருபத்தைந்து வயதில் எதைக் கொண்டுவந்து ஹொண்டூராசில் இறக்குவான்?

ஸ்காபரோவில் பிறந்த ஜொனதன் டி குஸ்மான் 12 வயதில் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் கழகத்துக்குப் போனார். 2014 உலகக் கிண்ணத்தில் மூன்றாம் இடம் பெற்ற நெதர்லாந்து அணியில் அவர் ஒருவர். அவருடைய அண்ணன் ஜூலியன் கனடாவுக்கு ஆடினார். ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன். அண்ணனுக்குப் பற்று இருந்தது, தம்பிக்கு இல்லை என்பீர்களா?  பிள்ளையை வளர்த்தெடுத்த நாடு எதுவோ, அதன் சட்டை பிள்ளைக்குப் பொருந்துகிறது.

அதே நாடு எப்படி உலகக் கிண்ணத்துக்கு எழுந்து வந்தது? டேவிஸ் 14 வயதில் எட்மன்ரனிலிருந்து வன்கூவர் வைட்கப்ஸ் பயிற்சிக்கூடத்துக்குப் போனார்; 15 வயதில் பெரியவர்களோடு ஆடவிட்டார்கள். லாரினும் புக்கானனும் லாரியாவும் மிசிசாகாவில் சிக்மா என்ற தனியார் பயிற்சிக்கூடத்தின் வழியே வந்தவர்கள். ஹேர்ட்மனின் கையில் வாளோடுகூட இவர்களும் இருந்தார்கள். வாளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள்.

ஒஷாவாக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இருக்கக்கூடாது. பொபி ஓர் என்ற பெடியன் 1962இல் 14 வயதில் பரி சவுண்டிலிருந்து வந்து ஒஷாவா ஜெனரல்ஸ் ஹொக்கி அணிக்கு ஆடினான். லிண்ட்ரோசும் டவாரசும் இதே ஜெனரல்சில் ஆடியவர்கள். 14 வயதுப் பெடியனைத் தேடிப்பிடிக்க ஆளும், அவனை ஆடவிட அணியும், அந்த அணிக்கு ஒரு லீக்கும், ஆட ஐஸும் இந்த நகரத்தில் ஹொக்கிக்கு இருந்தன. ஹொக்கியில் கனடியனுக்கு ஓர்மம் இருப்பதும் உதைபந்தில் இல்லாமல் போவதும் இரத்தத்தில் வரும் கோளாறா?

இங்கே நவம்பரில் புல் மைதானங்களைப் பூட்டினால் திறக்க மே மாதம் ஆகும். இடையில் காற்றடைத்த டோம்களில் அரை மைதானம், கால் மைதானம் என்று மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒரு பெப்ரவரி இரவு உள்ளே போய்ப் பாருங்கள். கால் மைதானத்துக்குள் இருபது பிள்ளைகள்; பத்துப் பேர் வரிசையில் தங்கள் முறைக்கு நிற்கிறார்கள்; பயிற்றுநர் பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்; அடுத்த அணி வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளையின் காலில் பந்து எத்தனை நிமிடம் கிடக்கிறது என்று எண்ணுங்கள். இதற்குப் பதிவுக்காசு, சீருடை, டோம் வாடகை, பயணம் எல்லாம் சேர்த்து ரெப் அணியில் ஒரு பிள்ளைக்கு வருடம் ஆயிரக்கணக்கான டொலர் போகிறது. இரண்டு பிள்ளை இருக்கும் வீட்டில் ஒன்றை நிறுத்துகிறார்கள். நிறுத்தப்பட்ட பிள்ளை கெட்டிக்காரனா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்து வருடம் கழித்து அணி தோற்கும்போது ஓர்மம் இல்லை என்று அதே வீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

ஒன்ராறியோவில் சிறுவர் உதைபந்தாட்டக் கழகங்களில் பெரும்பாலானவை இலாப நோக்கற்ற சங்கங்கள். வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் வைத்தாக வேண்டும். கணக்குக் காட்டியாக வேண்டும். கேள்வி கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஊர்ச்சங்கக் கூட்டமென்றாலும் பழைய மாணவர் சங்கத் தேர்தலென்றாலும் மண்டபத்தை நிரப்புகிற சனம் நாங்கள். இந்தக் கூட்டத்துக்கு மட்டும் போவதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை பயிற்றுநர்களுக்கு எந்தத் தர உரிமம் இருக்கிறது, பனிக்காலத்தில் ஒரு பிள்ளைக்கு வாரம் எத்தனை மணித்தியாலம், கட்டணம் கட்டமுடியாத பிள்ளைக்கு என்ன வழி என்று மூன்று கேள்வியை எழுந்து நின்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.